பிரிக்கக் கூடாத பச்சைத் தட்டு

இசைத்தட்டு என்றால் அது பாட வேண்டும் என்று நம்பிக்கொண்டு வண்ண இசைத்தட்டுப் பாதுகாப்புப் பேரவையில் சேர்ந்த ஒரே ஆள் கண்ணாடிக்காரம்மாதான். மற்றவர்கள் எல்லோரும் விவரமானவர்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றாற்போல் லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். அவளை யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை, வீட்டில் ஒரு ஆள் இருந்தவரைக்கும்.

அந்த ஆள் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பே பழைய சாமான் கடையிலிருந்து ஒரு இங்கிலீஷ் ராக் இசைத்தட்டு வாங்கி வைத்திருந்தார். முடியை வளர்த்துப் போட்ட நாலு பையன்கள் ஒரு மொட்டைப் பாறைமேல் முறைத்துக்கொண்டு நிற்கிற அட்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, தட்டு கழுவி வைத்தபிறகு, இந்தத் தட்டு சுற்றும். பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று இருவருக்கும் தெரியாது. இரண்டாவது பாட்டில் ஒரு கீறல் இருந்தது. அங்கே வந்ததும் முள் மாட்டிக்கொள்ளும். "கமிங்... கமிங்... கமிங்..." என்று பையன் அங்கேயே நிற்பான். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் தெரியும்.

"வரேன் வரேன்னு சொல்றான் பாரு. வந்தானா?" என்பார் மெக்கானிக்.

"நீங்க மட்டும் என்னவாம். டிப்போவிலேருந்து இப்படித்தான் போன் பண்ணுவீங்க."

"சரி, வாடா" என்று அவர் தரையில் ஒரு மிதி மிதிப்பார். பிரேக் மிதித்துப் பழகிய கால். முள் ஒரு குதி குதித்து அடுத்த வரிக்குப் போய்விடும். உடனே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையில் டொக் டொக்கென்று இடிப்பார்.

"கீழ இருக்கவருக்கும் பாட்டு பிடிச்சிருக்கு போல" என்பார் மெக்கானிக். எல்லா ஞாயிறும் இதே பேச்சு. எல்லா ஞாயிறும் அவள் சிரிப்பாள்.

அவர் போன அன்று இசைத்தட்டு சோபாவிலேயே கிடந்தது. மேலே யாரோ ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த நாத்தனார் அதன்மேல் உட்கார்ந்தார்.

"என்னமோ முறிஞ்சாப்ல இருக்கே அண்ணி" என்றார். "என் இடுப்போன்னு பயந்துட்டேன்."

கீழ்வீட்டுக்காரரும் வந்திருந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போனபிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று பாக்கி இருந்தது. அது வாராவாரம் வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் சொன்னாள். "அந்தப் பாட்டு போன்லயே இருக்கும்மா. அனுப்பறேன், தொட்டாப் போதும்."

தொட்டாள். முதலில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. அப்புறம் பாட்டு வந்தது. பாதியில் ஆயுள் காப்பீட்டுக்காரன் ஒருவன் வந்து, உங்களுக்குப்பின் உங்கள் குடும்பம் என்று ஆரம்பித்தான்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன். அப்பா இருந்தா மிதிச்சிருப்பார்."

"மிதிக்கவா?"

"அதான் பார்த்தேன். எதை மிதிக்கிறது, போனையா?"

இப்படியிருக்கும்போதுதான் அதே தட்டு ஐம்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பாக, பச்சை நிறத்தில், மறுபடி வந்திருப்பதை ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்தாள். அதே பாறை, அதே நாலு பேர். உள்ளே போய்க் கேட்டாள்.

"இது உறுப்பினர்களுக்கு மட்டும்தாம்மா" என்றார் கடைக்காரர்.

"எதுல உறுப்பினர்?"

"பேரவையில. மத்தவங்களுக்குக் குடுத்தா பிரிச்சுடறாங்க."

"பிரிக்காம எப்படிங்க கேக்கறது?"

மீன் தொட்டியில் நீந்தும் தங்கமீனைக் காட்டி, இதைக் கொஞ்சம் வறுத்துத் தருவீர்களா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். பிறகு பேரவையின் முகவரியைச் சொன்னார்.

பேரவை ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம். வாசலில் செயலாளர் எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார். அவர் பல் டாக்டர். கையுறை மாட்டிவிடும்போது, "வலிக்காது" என்று பழக்கத்தில் சொன்னார்.

அன்றைய நிகழ்ச்சி 'மௌனக் கேட்பு'. மேடையில் வெல்வெட் துணி விரித்த மேசை. அதன்மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு தட்டு. உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. கண்ணாடிக்காரம்மா, கரெண்ட் இல்லை போல, வந்ததும் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பாடி முடிக்கிற நேரம் ஆனதும் செயலாளர் மேடையேறி, இரண்டு கையாலும் தட்டை உறையோடு தூக்கி, மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாம் பக்கம் ஆரம்பமாகிவிட்டது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் சோகமா இருக்கும்" என்று பக்கத்தில் இருந்த தாடிக்காரர் அவள் காதில் சொன்னார்.

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

முடிந்ததும் தலைவர் எழுந்தார். எடையும் அளவும் சரிபார்க்கும் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"உறுப்பினர் பெருமக்களே. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? கேட்டாகிவிட்டது, அவ்வளவுதான். முள் படாத பாட்டுதான் என்றைக்கும் புதுப்பாட்டு. நான் இந்தத் துறையில் தலை நரைத்தவன். என்னிடம் இல்லாத வண்ணம் இல்லை. இன்றைய தேதிவரை என் காதில் ஒரு பாட்டுகூட விழுந்ததில்லை என்பதை மிகுந்த பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள். சத்தமே வரவில்லை.

கண்ணாடிக்காரம்மா இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை செயலாளர் போன் செய்தார். "அம்மா, நாளைக்கு வந்துடுவீங்கல்ல? உங்க நாற்காலியைப் பிடிச்சு வச்சிருக்கேன்." மகளைத் தவிர வேறு யாரும் அவளுக்குப் போன் செய்து வெகுநாளாகியிருந்தது. உங்கள் நாற்காலி என்று யாராவது சொல்லி அதைவிட வெகுநாள். போனாள். அப்புறம் எல்லா வாரமும் போனாள்.

அங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் நிறத் தீர்மானக் குழு கூடி, புதிதாக வந்த ஊதாத் தட்டு கத்தரி ஊதாவா கன்றிப்போன ஊதாவா என்று வாதாடியது. உறைக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை என்பதால் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தாராளமாக இருந்தது. இரண்டு பேர் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு வாரம், ஐம்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு வெளிவந்ததன் முதலாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் சிறப்புப் பதிப்பு வெளியிடப்பட்டது. பாட்டும் அட்டையும் அதேதான். ஒட்டுத்தாள் மட்டும் வேறு.

ஒரு ஞாயிறு எல்லோரும் கறுப்புக் கையுறை போட்டிருந்தார்கள். பொருளாளர் அம்மையாரின் தேன்நிறத் தட்டு வீட்டு அலமாரியிலிருந்து விழுந்து, அட்டையின் ஒரு மூலை நசுங்கிவிட்டது. இரங்கல் கூட்டம். தலைவர் குரல் தழுதழுத்தது. "நேற்றுவரை கூர்மையாக இருந்த மூலை" என்றார், அதற்குமேல் முடியாமல் தண்ணீர் குடித்தார். வரிசையாக வந்து அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோங்க", "நம்ம கையில என்ன இருக்கு", "நல்ல வேளை, உள்ள தட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார்கள். கண்ணாடிக்காரம்மாவும் வரிசையில் நின்றாள். மெக்கானிக் போனபோது வந்த கூட்டத்தைவிட இது பெரிதாக இருந்தது. யாரும் எதன்மேலும் உட்காரவுமில்லை.

"உங்க வீட்ல எதாச்சும் இப்படி ஆகியிருக்கா?" என்று அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டுக்காரர் போயிட்டார்ங்க."

"அய்யோ பாவம். அவர் சேகரிச்சது எல்லாம் பிரிக்காம இருக்கா?"

ஒருவழியாக அவளுக்குப் பச்சைத் தட்டு வாங்கும் தகுதி வந்தது. மேடையில் ஏற்றி, வலது கையை உறைமேல் வைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். வெயிலில் வைக்க மாட்டேன், படுக்கப் போட மாட்டேன், எந்தச் சூழ்நிலையிலும் கேட்க மாட்டேன். சொன்னாள். தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பிளேயர் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். பேரவையில் கற்றுக்கொடுத்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நாற்காலிகள் இருமும், செருமும், கால் மாற்றிப்போடும். இங்கே அதுகூட இல்லை. சில வாரங்கள் இப்படிப் போயின. பிரித்துவிட்டால் பேரவை இல்லை. பிரிக்காவிட்டால் பாட்டு இல்லை. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்ததில், ஒரு வக்கீலுக்கு இடது கண் பவரை வலது பக்கம் பொருத்திவிட்டாள். அவர் ஒரு வாரம் தலையைச் சாய்த்துக்கொண்டே வாதாடியதாகக் கேள்வி.

கடைசியில் ஒரு ஞாயிறு, செயலாளருக்குப் போன் செய்து ஜலதோஷம் என்று சொன்னாள்.

"தட்டுப் பக்கத்துல தும்மாதீங்கம்மா" என்றார் அவர்.

சாப்பிட்டாள். தட்டு கழுவி வைத்தாள். லென்ஸ் ஓரம் சீவுகிற சின்னக் கத்தியால் பிளாஸ்டிக் உறையை ஓரமாகக் கீறினாள். உள்ளேயிருந்து தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அடேயப்பா, என்ன பச்சை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது சுவரெல்லாம் குளத்துத் தண்ணீர்போல ஆடியது. முள்ளை மெதுவாக இறக்கிவிட்டு, சோபாவில் தன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

கர்ர்ரென்று லேசாக இரைந்தது. எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். இரைந்தது. இன்னும் இரைந்தது. மின்விசிறியை நிறுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள். இரைச்சல் பெரிதாகியது, அவ்வளவுதான். தன் காதுதான் போய்விட்டதோ என்று பயந்து கையைத் தட்டிப் பார்த்தாள். கேட்டது. லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். பாட்டு இருந்தால் நெளிந்திருக்க வேண்டிய வரிகள் நெளிவில்லாமல், நெருக்கமாக, அழகாக ஓடின. பாட்டைத்தான் போட மறந்துவிட்டார்கள். திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கமும் அப்படியே.

இதற்குப்பிறகு அவள் செய்தது முழுக்க வெள்ளை மனசோடுதான். கடையில் லென்ஸ் சரியில்லை என்றால் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவள் மாற்றிக் கொடுப்பாள். அதனால் அடுத்த ஞாயிறு தட்டைப் பையில் போட்டு பேரவைக்கே கொண்டுபோனாள். கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் மேசைமேல் வைத்தாள்.

"இதுல பாட்டு இல்லீங்க. மாத்திக் குடுங்க."

யாரோ ஒருவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்றார் செயலாளர், சொத்தைப் பல்லைப் பார்க்கிற குரலில்.

"போட்டுப் பார்த்தேன்."

"பிரிச்சீங்களா?"

"பிரிக்காம எப்படிங்க போடறது?"

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. அவளை மேடை ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். முதலில் உறுதிமொழியை மீறியது பற்றிப் பேசினார்கள். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, "அப்போ நம்மளதுல?" என்றார்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் கூட்டத்துக்குக் கொண்டுவந்து அவரவர் மடியில் வைத்திருந்த தட்டைப் பார்த்தார்கள்.

"பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றாள் கண்ணாடிக்காரம்மா, உதவியாக இருக்கட்டும் என்று.

தலைவர் கையை உயர்த்தினார். "அமைதி. நமது தட்டுகளில் பாட்டு இருக்கிறதா இல்லையா என்பது பேரவையின் வரம்புக்குள் வரும் விஷயமே அல்ல. நம் முன்னோடிகள் அட்டையைக் காத்தார்கள், ஒட்டுத்தாளைக் காத்தார்கள், மூலைகளைக் காத்தார்கள். பாட்டைக் காப்பதாக எந்த விதியிலும் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்."

"தலைவர் மன்னிக்கணும்" என்று பொருளாளர் அம்மையார் எழுந்தார். "பாட்டில்லாத தட்டு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றால், இதைவிட அரிய பதிப்பு கிடையாது. கேட்கவே முடியாத தட்டு. நாம் இத்தனை காலம் எதற்காகப் பாடுபட்டோமோ, அதைத் தொழிற்சாலையே செய்து அனுப்பியிருக்கிறது."

கையுறைகள் தட்டின. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவரிடமும் அதே பச்சை இருந்தது, பாட்டோடு இருப்பதாகத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்; இப்போது அது சாதாரணத் தட்டாகிவிடும். முக்காலி பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. பாடிச்சு, நான்தான் சரியா கவனிக்கலைன்னு சொல்லிடுங்க. வயசானா காது கொஞ்சம் அப்படித்தான், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பிரிச்சதை மன்னிச்சு, திரும்ப உறை போட்டுடலாம். உங்க நாற்காலி உங்களுக்கு. வாராவாரம் செயலாளர் போன் பண்ணுவார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வீட்ல தனியா என்ன பண்ணுவீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் தன் நாற்காலியைப் பார்த்தாள். அதன்மேல் தாடிக்காரர் அவளுக்காகத் தன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். பாடியது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"பாடியிருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?" என்றாள்.

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இங்க யாருக்காவது அந்தப் பாட்டு தெரியுமா?" என்று அவள் எழுந்து நின்று கேட்டாள். "ரெண்டாவது பாட்டு. கொஞ்சம் பாடிக் காட்டினாலும் போதும். கேட்டுட்டுப் போயிடறேன்."

தாடிக்காரரின் உதடு மட்டும் லேசாக அசைந்தது. கால் நுனி ஒருமுறை தரையைத் தொட்டது. தலைவர் அந்தப் பக்கம் திரும்பினார். கால் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் படித்தார். உறுதிமொழியை மீறிய அம்மையார் பேரவையிலிருந்து நீக்கப்படுகிறார். அதேசமயம், அவரிடமுள்ள தட்டு ஈடிணையற்றது என்பதால், தட்டுக்கு ஆயுட்கால உறுப்பினர் தகுதி வழங்கப்படுகிறது. இனி வரும் கூட்டங்களுக்குத் தட்டை அழைத்துவரும்படி அம்மையார் கேட்டுக்கொள்ளப்படுகிறார். கூட்டம் முடியும்வரை அவர் டைல்ஸ் கடையில் காத்திருக்கலாம்.

"அங்க உக்கார இடம் இருக்கும்மா" என்று செயலாளர் தனியாகச் சொன்னார். "நான் சொல்லி வைக்கிறேன்."

"சரிங்க" என்றாள். கையுறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, அவரிடம் கொடுத்தாள். தட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மறு சனிக்கிழமை செயலாளர் போன் செய்தார். "தட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். "நாளைக்கு வருமா?" என்றார். வராது, அதுக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு போன் வரவில்லை.

ஞாயிறு வந்தது. சாப்பிட்டாள், தட்டு கழுவி வைத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் பச்சைத் தட்டைப் போட்டு முள்ளை இறக்கினாள். கர்ர்ரென்று இரைந்தது. சுவரில் குளத்துத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாட்டு ஓடி முடிகிற நேரம் உடம்புக்கே தெரிந்திருந்தது. இரண்டாவது பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. கிதார் வாசிப்பதை முதலில் மூக்காலேயே முனகினாள். பிறகு பாடினாள். வார்த்தை என்று ஒன்றும் இல்லை. வார்த்தை மாதிரி எதுவோ. இத்தனை வருஷம் காதில் விழுந்தது விழுந்தபடியே வந்தது. அந்த இடமும் வந்தது.

"கமிங்..." என்றாள்.

"கமிங்... கமிங்..."

அடுத்த வரி அவளுக்குத் தெரியும். ஆனால் போகமுடியவில்லை. எப்போதும் அங்கே ஒருவர் மிதிக்க வேண்டும். அவள் சோபாவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி, "கமிங்... கமிங்..." என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். குரல் மெல்லத் தேய்ந்தது. தட்டு அதுபாட்டுக்குச் சுற்றியது.

"சரி, வாடா" என்று அவளே சொல்லிக்கொண்டு, வலது காலைத் தூக்கித் தரையில் மிதித்தாள். பிரேக் பழகிய காலில்லை, ஆனாலும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிளேயரில் முள் குதித்து, ஒன்றுமில்லாத ஒரு வரியிலிருந்து ஒன்றுமில்லாத இன்னொரு வரிக்குப் போய் விழுந்தது.

கீழே அமைதியாக இருந்தது. கீழ்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டாரோ என்னவோ. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகு கீழேயிருந்து ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ எதையோ தேடுவதுபோல் ஒரு கதவு திறந்து மூடியது.

டொக். டொக்.

கண்ணாடிக்காரம்மா மீதிப் பாட்டைப் பாடி முடித்தாள். எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போட்டாள்.